12 தொட்டியில் கடற்புல்: உப்புவெளியில் வெப்பநிலைப் பரிசோதனைக்கு என்ன வசதி வேண்டும்?

கடற்புல்_12

வணக்கம். உப்புவெளியில், கரையிலிருந்து 150 மீற்றரளவு உள்ளே, 20 க்கு 12 மீற்றர் திறந்த காணி ஒன்று பரிசோதனைக்குக் கிடைத்திருக்கிறது. கடலின் வெப்பநிலை 3 பாகை கூடினால் தலாசியா ஹெம்பிரிச்சி கடற்புல்லுக்கு என்ன ஆகும் என்று 10 கிழமை பார்க்க வேண்டும். கையிலிருப்பது 12 வட்டப் பிளாஸ்டிக் தொட்டிகள்: உள்விட்டம் 1 மீற்றர், உயரம் 75 செ.மீ., தண்ணீர் 60 செ.மீ. நிற்கும்.

திட்டம் இதுதான். மேலே இரண்டு 1000 லீற்றர் தாங்கிகள். ஒன்றில் தண்ணீரைச் சூடாக்கி 6 தொட்டிக்கு விடுவது, மற்றதிலிருந்து சாதாரணத் தண்ணீரை மிச்ச 6 க்கு விடுவது. கட்டுப்பாட்டுத் தொட்டிகளை 28 பாகையிலும் சூட்டுத் தொட்டிகளை 31 பாகையிலும் நிறுத்தலாம் என்று நினைக்கிறேன். எத்தனை வாட் ஹீற்றர் வேண்டும்? கரண்ட் போனால் என்ன செய்வது? எந்த மாதத்தில் தொடங்குவது? பிளாஸ்டிக்கை விட்டு சீமெந்துத் தொட்டி கட்டினால் மலிவு என்றும் ஒருவர் சொன்னார், அதுபற்றியும் சொல்லுங்கள். காணியின் வடக்கு எல்லையில் 4 மீற்றர் உயரக் கட்டடச் சுவர் ஒன்று உண்டு. அது வடக்குப் பக்கம் என்பதால் நிழல் விழாதுதானே?

நீர்மட்டம்

ஹீற்றரைக் கடைசியில் பார்ப்போம். திருகோணமலையில் தண்ணீரைச் சூடாக்குவது இலேசு. சூடாக்காத 6 தொட்டியையும் கடலைப்போல வைத்திருப்பதில்தான் ஆட்கள் தோற்பது. 60 செ.மீ. ஆழத் தண்ணீர் வெயிலில் நின்றால் பின்னேரம் 3 மணிக்குக் கடலைவிட 2, 3 பாகை ஏறிவிடும். அப்போது உங்கள் “சாதாரண” தொட்டி, நீங்கள் பரிசோதிக்க நினைத்த சூட்டில் தானாகவே நிற்கும்.

அதனால் முதலாவது, 28 என்ற நிலையான எண்ணை விடுங்கள். கடல் மாசியில் ஒரு அளவிலும் சித்திரையில் இன்னொரு அளவிலும் இருக்கும், பகலுக்கும் இரவுக்கும் மாறும். உப்புவெளிக் கடலில் உங்கள் கடற்புல் வளரும் அதே ஆழத்தில் ஒரு வெப்பநிலைப் பதிகருவியைக் கட்டிவிடுங்கள். கட்டுப்பாட்டுத் தொட்டி அதைப் பின்தொடர வேண்டும், சூட்டுத் தொட்டி கட்டுப்பாட்டுத் தொட்டியின் அளவுக்கு மேல் 3 பாகையில் நிற்க வேண்டும். ஹீற்றரைப் போட்டு அணைக்கும் கணினிக்குக் கொடுக்கும் இலக்கு 31 என்று இருக்கக்கூடாது, “கட்டுப்பாட்டுச் சராசரி + 3” என்று இருக்க வேண்டும்.

பின்னேர ஏற்றத்தைக் குறைக்க மூன்று வேலை. தொட்டிகளை ஒரு ஆழமில்லாத பெரிய தட்டுத் தொட்டிக்குள் வைத்து வெளிப்புறத்தில் கடல்நீர் ஓடவிடுங்கள். மேலே 30 முதல் 40 வீத நிழல்வலை போடுங்கள். மேல்தாங்கிகள் கறுப்பு நிறமென்றால் வெள்ளை பூசி, கூரை போட்டு மூடுங்கள். காலையில் 27 பாகையில் ஏற்றிய தண்ணீர் கறுப்புத் தாங்கியில் மத்தியானம் வரை நின்றால், குளிரவிட வந்த தண்ணீரே சூடேற்றும்.

இரண்டாவது, உங்கள் திட்டத்தின் பெரிய ஓட்டை. சூட்டுத் தாங்கி ஒன்று, சாதாரணத் தாங்கி ஒன்று என்றால் உங்களிடம் 12 தொட்டி இருந்தாலும் மீளாக்கம் (ஒன்றையொன்று சாராமல் திரும்பச் செய்து பார்ப்பது) ஒவ்வொன்றுதான். சூட்டுத் தாங்கிக்குள் ஒரு அல்கா பெருகினால், ஒரு மூட்டு கசிந்தால், அது 6 தொட்டிக்கும் ஒன்றாகப் போகும். வேறுபாடு சூட்டினாலா அந்தத் தாங்கியினாலா என்று பிறகு பிரிக்கவே முடியாது. சூழலியலாளர் ஹேர்ல்பேர்ட் 1984 இல் போலி மீளாக்கம் என்று பெயர் வைத்தது இதற்குத்தான். மதிப்பாய்வாளர் முதலில் கேட்பதும் இதைத்தான். ஒரே மேல்தாங்கியிலிருந்து 12 தொட்டிக்கும் ஒரே தண்ணீர் விடுங்கள், ஒவ்வொரு சூட்டுத் தொட்டிக்கும் தனி ஹீற்றர், தனி சென்சர் போடுங்கள். கட்டுப்பாட்டுத் தொட்டிக்குள்ளும் கரண்ட் கொடுக்காத ஹீற்றர் ஒன்றும் அதே சுழற்சிப் பம்பும் இருக்கட்டும். ஒன்றில் தண்ணீர் சுழன்று மற்றதில் சுழலாவிட்டால் அது இன்னொரு பரிசோதனையாகிவிடும்.

இனி வாட் கணக்கு. 60 செ.மீ. தண்ணீர் என்றால் தொட்டிக்கு 470 லீற்றர். நிமிடத்துக்கு 1 லீற்றர் ஓட்டம் கொடுத்தால் ஏறக்குறைய 8 மணித்தியாலத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாறும். அந்த 1 லீற்றரை 3 பாகை ஏற்ற 209 வாட் போதும் (4186 × 3 ÷ 60). ஆனால் ஆவியாதலும் சூட்டைக் கொண்டுபோகும். நாளுக்கு 8 மி.மீ. ஆவியானால் 6.3 லீற்றர் போகிறது, அது சராசரி 180 வாட் இழப்பு. சாதாரணத் தொட்டிக்கும் இந்த இழப்பு உண்டுதான், ஆனால் சூட்டுத் தொட்டிக்கு அதைவிடக் கூட. 300 வாட் ஹீற்றர் காற்றடிக்கும் இரவில் மூச்சு வாங்கும், 500 வாட் போடுங்கள். ஒரேயடியாக 3 பாகை ஏற்றாமல் நாளுக்கு 0.5 ஆக 6 நாளில் ஏற்றுங்கள்.

வடக்குச் சுவர் பற்றி: நிழல் விழும். வடக்குச் சுவர் நிழல் தராது என்பது ஐரோப்பியப் பாடப்புத்தகக் கணக்கு. நாங்கள் இருப்பது வட அகலாங்கு 8.6 பாகையில். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் வரும், அதன்பின் ஆவணி கடைசிவரை சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். ஆனியில் 4 மீற்றர் சுவருக்கு உச்சிநேரத்திலேயே 1 மீற்றருக்கு மேல் தெற்கே நிழல் விழும், காலையிலும் மாலையிலும் இன்னும் நீளும். தொட்டிகளைச் சுவரிலிருந்து 5 மீற்றராவது தள்ளுங்கள். வரிசைகளைக் கிழக்கு மேற்காக வைத்து, ஒவ்வொரு வரிசையிலும் சூட்டுத் தொட்டியும் சாதாரணத் தொட்டியும் சம எண்ணிக்கையில் வருமாறு சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். அழகுக்காக ஒன்றுவிட்டு ஒன்று அடுக்க வேண்டாம்.

30மில்லியம்பியர்

நீர்மட்டம் சொன்னதில் கரண்ட் பக்கம் மட்டும் நான்.

ஹீற்றர் தைத்தேனியமாக இருக்க வேண்டும். துருப்பிடிக்காத உருக்கு என்று விற்பது கடல்நீரில் மாதக்கணக்கில் கிடந்தால் புள்ளி புள்ளியாக அரிக்கும், உலோகமும் தண்ணீருக்குள் இறங்கும். கண்ணாடி ஹீற்றர் மீன்தொட்டிக்குச் சரி, இங்கே யாராவது வாளியால் தட்டினால் முடிந்தது. பித்தளை வால்வு, செப்பு இணைப்பு ஒன்றுகூடக் கடல்நீர் வழியில் வேண்டாம். செப்பு சிறு அளவிலேயே நத்தை, இறால்களைக் கொல்லும்.

சென்சருக்கு டிஎஸ்18பி20 என்ற டிஜிட்டல் வெப்பநிலைச் சென்சர் போதும், ஆனால் அதன் உத்தரவாதத் துல்லியம் கூடக்குறைய 0.5 பாகைதான். உங்கள் முழு வித்தியாசமே 3 பாகை. ஆகவே 12 சென்சரையும் ஒரே வாளித் தண்ணீரில் நல்ல வெப்பமானியோடு சேர்த்துக் கட்டி, உருகும் பனிக்கட்டியிலும் 25, 30, 35 பாகையிலும் பார்த்து, ஒவ்வொன்றின் பிழையையும் எழுதி நிரலில் கழியுங்கள். வயரை நடுவிலிருந்து 12 பக்கம் நட்சத்திரம் மாதிரிப் பிரித்தால் வாசிப்பு அடிக்கடி தவறும். நீளமான ஒற்றைக் கம்பியில் வரிசையாகக் கொழுவுங்கள், அல்லது இரண்டு மூன்று தடமாகப் பிரியுங்கள். தரவுக் கம்பிக்கும் மின்வழங்கலுக்கும் நடுவே போடும் இழுவைத் தடை வழமையாக 4.7 கிலோ ஓம், கம்பி நீண்டால் 2.2 க்கு இறக்கலாம்.

இந்தச் சென்சர் காட்டும் இரண்டு பொய்களை நிரலில் கட்டாயம் தள்ளுங்கள். அளவீடு முடியாமல் வாசித்தால் 85 என்று வரும். கம்பி கழன்றால் பொதுவான நிரல்நூலகம் மைனஸ் 127 தரும். வடிகட்டாத நிரல் மைனஸ் 127 ஐப் பார்த்து “தண்ணீர் உறைந்துவிட்டது” என்று ஹீற்றரை விடிய விடியப் போட்டுவைக்கும். ஒரு எலி கம்பியைக் கடித்தால் ஒரு தொட்டி அவிந்துவிடும். விதி இதுவாக இருக்கட்டும்: 20 க்குக் கீழோ 40 க்கு மேலோ வந்தால் ஹீற்றரை அணை, மணியை அடி.

ஹீற்றரைப் போட்டு அணைக்கும் இலத்திரனியல் சுவிட்ச், அதாவது சொலிட் ஸ்டேற் றிலே, பழுதானால் பெரும்பாலும் மூடிய நிலையிலேயே பழுதாகும். அதாவது நிரல் அணைத்தாலும் ஹீற்றர் எரியும். அதனால் ஒவ்வொரு ஹீற்றரோடும் தொடரிணைப்பில், நிரலோடு சம்பந்தமில்லாத பொறிமுறைத் தேமோஸ்ற்றற் ஒன்று 35 பாகையில் வெட்டுமாறு இருக்க வேண்டும். றிலேக்கு வெப்பத்தட்டு போட்டு, காற்றுப்புகும் நிழலில் வையுங்கள். உப்புக்காற்றில் திறந்த முனைகள் ஒரு மாதத்தில் பச்சை பிடிக்கும், வாஸ்லீன் பூசினாலே நிறைய மிச்சம்.

கரண்ட் கசிந்தால் வெட்டும் 30 மில்லியம்பியர் ட்றிப் சுவிட்ச் இல்லாமல் ஒரு ஹீற்றர்கூட வேண்டாம். ஆனால் 6 ஹீற்றருக்கும் ஒரே ட்றிப் போட்டால் ஒன்று கசிந்து ஆறும் அணையும், அதுவும் ஞாயிறு இரவில். ஹீற்றருக்கு ஒன்றாகவோ இரண்டுக்கு ஒன்றாகவோ போடுங்கள். காற்றுப்பம்பு வேறு தடத்தில் இருக்கட்டும். 6 × 500 வாட் என்றால் 3 கிலோவாட், 230 வோல்ற்றில் 13 அம்பியர். பழைய வீட்டு வயரிங்கில் நீட்டுக்கம்பி போட்டு இதை எடுக்க நினைக்க வேண்டாம்.

கரண்ட் போனால்: ஹீற்றருக்கு பற்றரி வைப்பது காசுக்குக் கேடு. 300 வாட் இழப்பு என்றாலும் 470 லீற்றர் மணிக்கு 0.55 பாகைதான் இறங்கும். மேல்தாங்கி ஓட்டத்தையும் அந்த நேரத்துக்கு நிறுத்தினால் அதைவிடக் குறைவு. 12 வோல்ற்று பற்றரியில் காற்றுப்பம்பு ஓடினால் போதும். கரண்ட் திரும்பி வந்ததும் ஹீற்றர்கள் முழுவேகத்தில் ஏற்றாமல் மணிக்கு 0.5 பாகைக்கு மேல் ஏறாதபடி நிரலில் எல்லை வையுங்கள்.

கடற்புல்_12

இருவருக்கும் நன்றி. தனி ஹீற்றர் முடிவு. காற்றுப்பம்பும் நின்றுபோனால் எவ்வளவு நேரம் தாங்கும்? அடுத்தது, ஒவ்வொரு தொட்டியிலும் 15 செ.மீ. அடையல் (கடலடிச் சேறு) போட நினைத்தேன், அதுபற்றிச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறீர்களா?

சேற்றுமணம்

நேரத்தை ஊகிக்காமல் அளந்து பாருங்கள். 30 பாகை, உவர்த்தன்மை 35 (கிலோவுக்கு 35 கிராம் உப்பு) இல் கடல்நீர் நிரம்பலில் லீற்றருக்கு ஏறக்குறைய 6.2 மி.கி. ஒட்சிசன்தான் பிடிக்கும், முழுத்தொட்டிக்கும் 2.9 கிராம். பரிசோதனை தொடங்கமுன் ஒருநாள் இரவு ஒரு தொட்டியின் காற்றையும் ஓட்டத்தையும் நிறுத்தி, அரை மணிக்கொருமுறை ஒட்சிசன்மானியால் வாசியுங்கள். லீற்றருக்கு 3 மி.கி. தொடும் நேரம்தான் உங்கள் எல்லை. மோசமான நேரம் விடியப்புறம் 4 முதல் 6 வரை, அப்போது போகும் கரண்டுக்கு மட்டும் பயப்படுங்கள்.

அடையல்: 15 செ.மீ. என்றால் தொட்டிக்கு 118 லீற்றர், 12 க்கு 1.4 கனமீற்றர். ஈரத்தோடு அது இரண்டு தொன்னைத் தாண்டும். அவ்வளவையும் கடலிலிருந்து அள்ளுவது உங்கள் முதுகுக்கும் நல்லதல்ல, அந்த இடத்துக்கும் நல்லதல்ல. 40 × 30 × 15 செ.மீ. பெட்டிகள் தொட்டிக்கு இரண்டு வையுங்கள், மொத்தம் 430 லீற்றரோடு முடியும். தொட்டியின் அடி வெறுமையாக இருப்பதால் குப்பையைக் குழாயால் உறிஞ்சி எடுக்கவும் வசதி. இரண்டு பெட்டி வைத்தாலும் மீளாக்கம் தொட்டிதான், பெட்டியல்ல.

அடையலை எடுத்த அதே நாளில் பெரிய சிப்பி, கல்லை அரித்துவிட்டுப் பெட்டியில் போட்டு, செடி நடாமல் மூன்று கிழமை ஓடும் தண்ணீரில் விடுங்கள். கிளறிய சேற்றில் அடுக்கு குலைந்திருக்கும். மேலே சில மில்லிமீற்றர் பழுப்பாகவும் கீழே கறுப்பாகவும் மறுபடி பிரிந்தால்தான் அது சேறு. விரலை விட்டு எடுத்தால் லேசான கூழ்முட்டை மணம் இருக்கும், அது சரி. மணம் தொட்டிக்கு மேலேயே அடித்தால் ஐதரசன் சல்பைட்டு மிஞ்சிவிட்டது, அதில் செடி வேர் பிடிக்காது. சூட்டில் சல்பைட்டு இன்னும் கூடும், இரவில் ஒட்சிசன் குறைந்த நேரத்தில் அது வேர்வழியாகச் செடிக்குள் ஏறும். உங்கள் கடற்புல் செத்தால் சூட்டினால் நேரே செத்ததா சல்பைட்டினால் செத்ததா என்று சொல்ல அடையல் நீரையும் கிழமைக்கொருமுறை எடுத்து வையுங்கள்.

செடிக்கு: வளர்நுனியோடு, குறைந்தது மூன்று தளிர் உள்ள கிடைத்தண்டுத் துண்டுகளை எடுங்கள். நுனியில்லாத துண்டு 10 கிழமையில் பெரிதாக ஒன்றும் காட்டாது. வெயிலில் வைக்க வேண்டாம், கடல்நீர் வாளியிலேயே கொண்டுவந்து அன்றே நடுங்கள். 12 தொட்டியிலும் ஒரே தளிர் எண்ணிக்கை, நட்டபின் நான்கு கிழமை பழக்கம். வளர்ச்சியை அளக்க, இலைக்கட்டின் அடியில் உறைக்குச் சற்று மேலே ஊசியால் குத்திவிட்டு 8 முதல் 10 நாளில் வெட்டுங்கள். வளராத வெளி இலையின் ஓட்டை இருந்த இடத்தில் நிற்கும், இள இலையின் ஓட்டை மேலே ஏறியிருக்கும். இடைத்தூரம்தான் வளர்ச்சி.

இதில் பலர் கணக்கில் எடுக்காதது தொட்டிச் சுவர். உங்கள் தொட்டியின் அடிப்பரப்பு 0.79 சதுர மீற்றர், தண்ணீரில் நனையும் சுவர் 1.9 சதுர மீற்றர். அல்கா பிடிக்க அடியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சுவர் இருக்கிறது. அது விடிந்தால் ஒட்சிசன் தரும், இருட்டினால் எடுக்கும், தண்ணீரிலுள்ள போசணையையும் தின்னும். விட்டால் நீங்கள் அளப்பது கடற்புல்லை அல்ல, சுவர் அல்காவை. கிழமைக்கு இரண்டுமுறை எல்லாத் தொட்டியையும் ஒரே நாளில் மென்மையான துணியால் துடையுங்கள். இலையில் படர்வதை மேய, இலை தின்னாத சிறு நத்தைகளை ஒரே நிறையில் 12 இலும் போடுங்கள், செத்ததை மறுநாளே மாற்றுங்கள்.

ஒன்று: சேகரிக்கமுன் அனுமதி எடுங்கள். புறாமலைத் தீவு தேசிய பூங்கா, அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

கொட்டியாரம்

சீமெந்துக்கும் மாதத்துக்கும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

சீமெந்துத் தொட்டி வேண்டாம். புதுச் சீமெந்து காரத்தை விட்டுக்கொண்டே இருக்கும், பிஎச் ஏறும். இன்னொரு பக்கம் அது காபனீரொட்சைட்டைக் குடித்துக் கல்சியம் காபனேற்றாக மாறும். அரிசோனாவில் பயோஸ்பியர் 2 என்ற மூடிய கண்ணாடிக் கட்டடத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 1991 செப்ரெம்பரில் 8 பேரை உள்ளே விட்டு மூடினார்கள். ஒட்சிசன் 20.9 வீதத்திலிருந்து 14.5 வீதத்துக்கு அருகில் இறங்கி, 1993 தையில் வெளியிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. சேதனப்பொருள் நிறைந்த மண்ணில் நுண்ணுயிர்கள் ஒட்சிசனைத் தின்றன, ஆனால் அதற்கு ஈடாக வந்திருக்க வேண்டிய காபனீரொட்சைட்டு காற்றில் இல்லை. அதைக் குடித்தது கட்டடத்தின் வெறும் சீமெந்துச் சுவர். அவ்வளவு காசு போட்ட இடத்திலேயே சுவரைக் கணக்கில் எடுக்கத் தவறினார்கள். சேற்றுமணம் சொன்ன சுவர்க் கதையின் பெரிய அண்ணன் இது.

எக்கோட்ரோன் என்று சொல்லப்படும், சூழலைக் கட்டுப்படுத்தும் மூடிய ஆய்வறைகள் வேறு வகை. இங்கிலாந்தில் சில்வூட் பார்க்கில் 1990களின் தொடக்கத்தில் இம்பீரியல் கல்லூரி கட்டியது 16 அறைகள், பிரான்சில் மொன்பெலியேயில் உள்ளது அதைவிடப் பெரியது. அங்கே காற்றையே மூடி வைத்து உள்ளே போகும் வாயு, வெளியே வரும் வாயு இரண்டையும் அளக்கிறார்கள். கடலுக்கு இணையானது என்றால் அவுஸ்திரேலியாவின் ரவுன்ஸ்வில்லில் 2013 இல் திறந்த சீசிம் என்ற கடல் ஆய்வுத்தொட்டி நிலையம். உங்களுடையது மெசோகொசம், அதாவது இயற்கையைச் சிறிய அளவில் வைத்துப் பார்க்கும் திறந்த தொட்டி. கட்டுரையில் அப்படியே எழுதுங்கள், பெரிய பெயர் வைத்தால் பெரிய கேள்வி வரும்.

மாதம்: ஐப்பசி முதல் தை வரை தொடவே வேண்டாம். ஒரே நாளில் 100 மி.மீ. மழை விழுந்தால் தொட்டிக்கு 78 லீற்றர் நன்னீர், கலந்தால் உவர்த்தன்மை 35 இலிருந்து 30 க்கு இறங்கும். வாடைக்காலத்து அலை உறிஞ்சுகுழாயையும் பிடுங்கிக்கொண்டு போகும். கொட்டியாரக்குடாப் பக்கம் மகாவலித் தண்ணீரும் சேறும் வேறு. காய்ந்த காற்றடிக்கும் கச்சான் மாதங்களில் எதிர்ப்பிரச்சினை: ஓட்டம் நின்று நாளுக்கு 8 மி.மீ. ஆவியானால் ஒரு கிழமையில் 35, 38.6 ஆகும். ஓடும் தண்ணீர் இருந்தால் இவ்வளவு ஏறாது, ஆனால் சூட்டுத் தொட்டி சாதாரணத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே உப்பேறும். உங்கள் முடிவில் சூடும் உப்பும் கலந்துவிடும். தினமும் அளந்து, கூடியதை நன்னீரால் சரிசெய்யுங்கள்.

என் கணக்கில் மாசி நடுவில் நட்டு, பங்குனி நடுவில் சூட்டைத் தொடங்கி, வைகாசி கடைசியில் முடிப்பது நல்லது. கடல் தானாகவே சூடேறும் காலம் அது. 27 க்கு மேல் 3 ஏற்றுவதும் 30 க்கு மேல் 3 ஏற்றுவதும் கடற்புல்லுக்கு ஒன்றல்ல.

உப்புமானியை வெறும் வடிநீரில் சுழியம் வைத்துவிட்டு நம்ப வேண்டாம். 36.5 கிராம் சுத்தமான கறியுப்பை 963.5 கிராம் வடிநீரில் கரைத்தால், ஒளிமுறிவு உப்புமானியில் அது கடல்நீர் 35 ஆக வாசிக்க வேண்டும். கடத்துதிறன்மானிக்கு இந்தக் கரைசல் சரிவராது, அதற்கு 25 பாகையில் செ.மீ. க்கு 53 மில்லிசீமன்ஸ் நியமக் கரைசல் வாங்குங்கள்.

நீர்மட்டம்

கொட்டியாரம் சொன்ன மாதத்தையே நானும் சொல்வேன். ஆனால் சித்திரையில் சூரியன் நேர் மேலே, நிழல்வலையை அதற்குமுன் ஒளிமானியால் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். சுருக்கு விழுந்த வலையில் ஒரு தொட்டிக்கு இரட்டை நிழல் வரும்.

ஓட்டம்: பாதி மூடிய வால்வில் மணலும் சிப்பிக்குஞ்சும் அடைத்து, நிமிடத்துக்கு 1 லீற்றர் என்பது இரண்டே நாளில் அரை லீற்றராகும். காலையில் ஒவ்வொரு வால்வையும் முழுதாகத் திறந்து சீறவிட்டு, 1 லீற்றர் குவளையும் கைக்கடிகாரமும் வைத்துத் திரும்ப 60 வினாடிக்கு வையுங்கள். 12 தொட்டிக்கு அரை மணித்தியாலம் பிடிக்கும். கடலிலிருந்து வரும் குழாயை இரண்டாகப் போட்டு, ஒரு கிழமை ஒன்று, மறு கிழமை மற்றது. ஓடாத குழாயை இரு பக்கமும் அடைத்துவிட்டால் உள்ளே ஒட்சிசன் தீர்ந்து சிப்பிக்குஞ்சுகள் செத்துவிடும். திறக்கும் நாளில் முதல் பத்து நிமிடத் தண்ணீரை வெளியே விடுங்கள், அந்தக் கறுப்புத் தண்ணீர் மேல்தாங்கிக்குள் போகக்கூடாது.